நல்ல நாளுக்குன்னு எடுத்து வச்ச புடவை (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கமுங்க அக்கா,

நீங்க போன மாசம் எழுதினதுல "நிறைஞ்ச வீடு"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, படிச்சதுல இருந்து அதே மனசுல ஓடிட்டு இருக்கு. நாங்க திருப்பூர்ல லைன் வீட்டுல இருக்கோமுங்க, ரெண்டு ரூம், மேல பொதுவா ஒரு மொட்டை மாடி. வீட்டுக்காரர் பனியன் கம்பெனில செக்கிங், நான் வீட்டுலயே தையல், மாமியார் எங்க கூடத்தான், பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. ராத்திரி போன எடுத்தா தோட்டம் வச்ச வீடு, அழகா அடுக்கின தட்டு, தினம் ஒரு காட்டன் புடவை கட்டுறவங்கன்னு வரிசையா வருது, பாத்துட்டு நிமிந்தா நம்ம வீடு வெறிச்சுன்னு இருக்கு. எங்க அத்தைகிட்ட நாலு பட்டுப்புடவை பீரோல இருக்குங்க, பரண்ல பித்தளை அண்டா, ஈயச்சொம்பு எல்லாம் மூட்டை கட்டிக் கெடக்கு, எடுத்துப் புழங்கலாமான்னா "நல்ல நாள் வரட்டும் கண்ணு"ங்கறாங்க. நிறைவா வாழுறதெல்லாம் காசு இருக்கறவங்களுக்குத் தானுங்களே? இதுக்கெல்லாம் ஆசைப்படறது தப்புங்களா அக்கா? பேர் போட வேண்டாமுங்க.

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆசைப்படறது தப்பே இல்லம்மா. அத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா "இருக்கறத வச்சு சந்தோஷமா இரு"ன்னு உங்களுக்கு நிறைய பேர் சொல்லியிருப்பாங்க, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாடகை ஏத்துறப்ப, ஸ்கூல் பீஸ் கட்டறப்ப, ஆர்டர் இல்லாம கம்பெனில வேலை கொறையறப்ப காசுதான் வேணும், அந்த நேரத்துல நிறைவப் பத்திப் பாடம் எடுக்கறவங்கள கிட்டயே சேக்காதீங்க. ஆனா உங்க லெட்டர ரெண்டாவது தடவ படிச்சப்ப எனக்குக் கண்ணுல பட்டது, உங்க வீட்டுல என்னென்ன இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நாலு பட்டு, ஒரு அண்டா, ஒரு ஈயச்சொம்பு, தையல் தெரிஞ்ச கை, இத்தனை வருஷம் சமைச்ச ஒரு பெரிய மனுஷி, வெயில் விழுற மொட்டை மாடி. எல்லாம் இருக்கு, எல்லாம் மூடிக் கெடக்கு. போன்ல வர்ற வீடுகளுக்கும் உங்க வீட்டுக்கும் பாதி வித்தியாசம் காசு, மிச்சப் பாதி இதுதான்னு எனக்குத் தோணுது.

பட்டுல இருந்தே சொல்றேன், ஏன்னா இதுல எனக்கு ஒரு வலி இருக்கு. எங்கம்மாவோட கல்யாணப் புடவை காஞ்சிபுரம், அரக்குக் கலர்ல பச்சைக் கரை. அம்மா அத உடுத்தினத விரல் விட்டு எண்ணிடலாம், எப்பக் கேட்டாலும் நல்ல நாளுக்கு இருக்கட்டும்பாங்க. எங்க வீட்டுலயும் நல்ல நாள்லாம் வந்துச்சு, என் கல்யாணம் வந்துச்சு, தம்பி வீடு கட்டி கிரகப்பிரவேசம் வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் "இத விடப் பெரிய நாள்" ஒண்ணு முன்னாடி நின்னுட்டே இருந்துச்சு. அம்மா போனப்பறம், என் பொண்ணு வளைகாப்புக்குக் கட்டி விடலாம்னு எடுத்து விரிச்சேன், மடிப்பு மடிப்பா அப்படியே விட்டுப் போச்சு, பிளேடு வச்சுக் கீறின மாதிரி. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல கெடந்தா பட்டு அந்தக் கோட்டுலயே காஞ்சு நொறுங்கிடும், ஜரிகைல இருக்கறது பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பி சுத்தி தங்க முலாம் போட்டது, அது உலோகம் இல்லையா, மடிச்ச எடத்துலயே நின்னு நின்னு பட்டையும் அறுத்துடும். அன்னிக்கு நான் புடவைக்கு அழல, அம்மாவுக்கு அழுதேன். கட்டிப் பழசாகியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

அதனால உங்க அத்தைகிட்ட "கட்டிக்கட்டுமா"ன்னு கேக்காதீங்க, "காத்தாடப் போடலாமா அத்தை"ன்னு கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வெளிய எடுத்து, நேர் வெயில்ல இல்லாம நிழல்ல உலத்தி, பழைய மடிப்ப விட்டு வேற மடிப்பா மடிச்சு வைக்கணும். அந்துருண்டை போடாதீங்க, ஜரிகை கறுத்துடும், பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், உள்ள ஈரம் நின்னா அதே கதைதான். மல் துணில நாலு பை தச்சுருங்க, உங்களுக்கு அரை மணி நேர வேலை. மடிக்கறப்ப ஒவ்வொரு புடவையும் எப்ப வந்துச்சு, யார் எடுத்துக் குடுத்தான்னு கேளுங்க, பொண்ணையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. அத்தைய கஞ்சம்னு மட்டும் நினைச்சிடாதீங்கம்மா, இல்லாமையப் பாத்து வந்தவங்களுக்கு எடுத்து வைக்கிறது ஒண்ணுதான் தெரிஞ்ச பாதுகாப்பு, அந்தப் பயத்த மதிச்சுத்தான் பேசணும். நாலுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, இந்த வருஷம் பொங்கலுக்கு அவங்களே கட்டிக்கட்டும், நீங்க கட்டறது அப்பறம் தானா நடக்கும்.

தினத்துக்கு காட்டன்னு சொன்னீங்கள்ல, நான் மதுரைக்காரி, எனக்கு சுங்குடிதான். சௌராஷ்டிர வீடுகள்ல பொம்பளைங்க துணிய நகத்துல கிள்ளி எடுத்து நூலால சின்னச் சின்ன முடிச்சா கட்டி, சாயத்துல முக்கி, காஞ்சதும் முடிச்ச அவுப்பாங்க, முடிச்சு இருந்த எடம் சாயம் ஏறாம புள்ளியா நிக்கும், ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. 2005ல அதுக்குப் புவிசார் குறியீடும் கெடச்சுது. இப்ப சுங்குடின்னு விக்கறதுல நிறைய அச்சுப் போட்டது, கை முடிச்சு போட்டதுன்னா புள்ளி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், தடவிப் பாத்தா லேசா மேடு தட்டும். ரெண்டே ரெண்டு வாங்கினாலும் போதும், சாதம் வடிச்ச கஞ்சிய தண்ணியா கலந்து முக்கிக் காயப் போட்டுக் கட்டிப் பாருங்க, வீட்டுல தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருந்தாலும் முதுகு நிமிந்துடும். அப்பறம் உங்க ஊர்ல கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்குல கெடைக்கும், அதுல கலர் பாத்து ஒட்டுப் போட்டு ஒரு போர்வை, ஜன்னலுக்கு ஒரு திரை, இதெல்லாம் உங்க கைல இருக்கற செல்வம், நான் ஆசைப்பட்டாலும் எனக்கு வராது.

அடுத்து அந்த ஈயச்சொம்பு. அதப் பரண்ல விட்டு வச்சிருக்கீங்கன்னு படிச்சதும் எனக்கு மனசு கேக்கல. முதல்ல அது வெள்ளீயம்தானான்னு (டின்) தெரிஞ்ச பாத்திரக் கடையில காட்டிக் கேட்டுக்கோங்க, காரீயம் (லெட்) கலந்திருந்தா உடம்புக்கு விஷம், தொடவே கூடாது. வெள்ளீயம்னா அத்தைகிட்டயே குடுத்து ரசம் வைக்கச் சொல்லுங்க, அவங்களுக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும். வெறுஞ்சொம்ப அடுப்புல வைக்கவே கூடாது, வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிடும், உள்ள புளித்தண்ணி இருக்கற வரைக்கும் சூடு ஒரு அளவு தாண்டாது, அதனாலதான் அது அடுப்புல நிக்குது. சின்னத் தீயில, பருப்புத் தண்ணி விட்டு, நுரை கட்டி மேல வந்ததும் இறக்கிடணும், தாளிப்ப வேற கரண்டில தாளிச்சுக் கொட்டணும். அந்த ரசத்தோட வாசனை வீடு பூரா நிக்கும்மா, உங்க ரெண்டு ரூமும் நெறஞ்சிடும். அண்டாவ அப்படியே சமையலுக்கு எடுத்துடாதீங்க, உள்ள வெள்ளீயம் பூசணும், இல்லன்னா புளி பட்டா களிம்பு ஏறும். பூசறதுக்கு ஆள் கெடைக்கற வரைக்கும் வாசல்ல தண்ணி ஊத்தி நாலு செம்பருத்தி மிதக்க விடுங்க. தட்டு அடுக்கற விஷயம் சொன்னீங்க, ஞாயித்துக்கெழமை ஒரு நாள் நாலு பேரும் ஒண்ணா தரைல உக்காந்து வாழை இலைல சாப்பிடுங்க, எனக்கு அதுக்கு மேல ஒரு அழகு தெரியல.

மாடித் தோட்டத்துக்கு ஓனர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, தளத்துல தண்ணி எறங்கும்னு பயப்படுவாங்க, அது நியாயமான பயம்தான், செடி வைக்கிற பைய நேராத் தரைல வைக்காம ரெண்டு செங்கல் மேல வச்சா அடியில காத்து போகும், தண்ணியும் தேங்காது. தென்னை நார்க்கழிவு வாங்கினா ரெண்டு மூணு தடவ தண்ணில அலசிட்டுப் போடுங்க, அதுல உப்பு இருக்கும். விதைக்குன்னு செலவு பண்ணாதீங்க முதல்ல. அஞ்சறைப்பெட்டி வெந்தயத்த ஒரு நாள் ஊற வச்சுத் தூவினா மூணு நாலு வாரத்துல கீரை, சந்தைல வாங்கின புதினால இலைய ஆஞ்சுட்டு தண்ட நட்டு வச்சா பிடிச்சுக்கும், கொத்தமல்லி விதைய ரெண்டாத் தேச்சு ஒடச்சுட்டுப் போடணும், முழுசாப் போட்டா வர நேரமாகும். கறிவேப்பிலை மட்டும் முதல் ரெண்டு வருஷம் பொறுமைய சோதிக்கும், புளிச்ச மோரத் தண்ணில கரைச்சு ஊத்திட்டு வாங்க, நுனியக் கிள்ளி விட்டீங்கன்னா பக்கத்துல கிளைக்கும். ஒரு மல்லிகைச் செடி கட்டாயம் வைங்க, கார்த்திகை மாசம் வெட்டி விட்டா மாசி பங்குனிலருந்து பூக்கும், முதல் பூவ அத்தை தலைல வைங்க.

முருங்கை பைல சரியா வராது. லைன் வீட்டுக் காம்பவுண்ட் ஓரத்துல ஒரு எடம் கெடைச்சா வெட்டின கிளைத் துண்டு, அதான் போத்து, ஒண்ணு நடுங்க, அது கெடைக்கலன்னா பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல வெளியிட்ட பிகேஎம் 1 ரக விதை போடுங்க, ஆறு மாசத்துலயே காய் குடுக்கும். கம்பளிப்பூச்சி வரும், கெளை பட்டுன்னு ஒடியும், அதனால புள்ளைங்க ஏறாம பாத்துக்கணும். ஆனா அந்த மரத்துகிட்ட ஒரு குணம் இருக்கும்மா, ஒரு வீட்டுக்கு மட்டும்னு அதுக்குக் காய்க்கவே தெரியாது. எங்க பின்வாசல் மரத்துல சீசன்ல ஒரே வாரத்துல அம்பது அறுபது காய் எறங்கும், கீரை அது பாட்டுக்கு, நாங்க மூணு பேர் எவ்வளவு தின்ன முடியும், நாலு வீட்டுக்குப் போகும். குடுத்தனுப்பின கிண்ணம் எங்க தெருவுல எப்பவும் வெறுசாத் திரும்பாது, ஒருநா ரெண்டு அடை, ஒருநா கொஞ்சம் வத்தல், ஒண்ணுமே இல்லாதவங்க ஒரு பிடி சர்க்கரை போட்டுக் குடுப்பாங்க. பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி, பென்ஷன் கூடக் கெடையாது, அவங்க கிண்ணத்துல போட்டுக் குடுத்த சர்க்கரைய நான் டீல போடறப்பல்லாம் நின்னு ஒரு நிமிஷம் நினைச்சுப்பேன். நிறைஞ்ச வீடுன்னு அன்னிக்கு நான் எழுதினப்ப என் மனசுல இருந்தது அந்தக் கிண்ணம்தான். உங்க லைன்ல எத்தனை வீடு இருக்குன்னு எழுதல நீங்க, ஆனா ஒரு கட்டு வெந்தயக்கீரையோட அது ஆரம்பிக்கலாம்.

சொம்ப பரண்லருந்து எறக்கின அன்னிக்கு எனக்கு ரெண்டு வரி எழுதுங்க. ரசம் நுரைச்சு வந்துச்சா, அத்தை என்ன சொன்னாங்க, எந்தப் புடவைக்கு எந்தக் கதை வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்.

அன்புடன்,
அக்கா