மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர்

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூரில் தெருக்காரர்கள் சிலரோடு சேர்ந்து சாலையோர மரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். மரங்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி, இலவசக் கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தன. கன்று எங்கேயும் கிடைக்கும், அவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். இருக்கிற மரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குத்தான் முதலில் பதில்.

எங்கள் வாசலில் நன்றாக வளர்ந்த புங்கமரம் நிற்கிறது. புதிதாக பேவர் பிளாக் போட்டவர்கள் அடிமரம்வரை சிமென்ட் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். மரம் தாங்குமா?
*இல்லத்தரசி, சத்துவாச்சாரி*

உடனே ஒன்றும் ஆகாது அம்மா. அதனால்தான் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. கொஞ்ச காலத்தில் இலை சிறுக்கும், உச்சிக்கிளை மொட்டையாகும், அப்புறம் ஒரு சாயங்காலம் காற்றில் சாயும். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் ஓரிரு அடிக்குள்தான் இருக்கிறது. அவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். சிமென்ட் இரண்டையும் தடுத்துவிடும். 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அது டெல்லிக்கான உத்தரவு. இருந்தாலும் வார்டு கவுன்சிலரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ பேசும்போது, "கொஞ்சம் இடம் விடுங்க" என்பதைவிட "ஒரு மீட்டர் விடுங்க" என்று சொன்னால் வேலை நடக்கிறது.

பேவர் பிளாக்கை எடுப்பது சுலபம். அது மணல்மேல்தான் உட்கார்ந்திருக்கும், ஒரு கல்லை நெம்பிவிட்டால் மற்றவை கையோடு வரும். மாநகராட்சி உதவிப் பொறியாளரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எடுங்கள். சிமென்ட் பூச்சுதான் சிரமம். சிறு உளியால் வெளியிலிருந்து உள்நோக்கித் தட்டிக்கொண்டு வரவேண்டும். அடிமரத்துப் பக்கம் கடப்பாரையே வேண்டாம், ஓர் அடி தவறினால் வேர்ப்பட்டை உரிந்துவிடும். அந்த வட்டத்தில் சருகு பரப்பினால் போதும்.

இன்னொன்று. மரத்தைச் சுற்றி மேடை கட்டி உள்ளே மண் கொட்டுவதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனி ஆசை. அடிமரத்தின்மேல் மண் ஏறினால் பட்டை ஈரத்தில் அழுகும். பிள்ளையார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையார் உட்கார்ந்த மரத்தில் கைவைக்க எவனும் யோசிப்பான். அவர் ஓரமாக இருக்கட்டும், மண் மட்டும் வேண்டாம்.

எங்கள் தெருவில் மின்கம்பிக்குக் கீழே மரம் வைத்தால் ஆண்டுதோறும் மொட்டையடிக்கிறார்கள். என்ன மரம் வைக்கலாம்?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

மொட்டையடிக்கிற பக்கத்தில் பல வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன் தம்பி. வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் தாழ்வழுத்தக் கம்பி தெருவைக் கடக்கும்போது தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய 19 அடி. தூங்குமூஞ்சி மரத்தைக் கொண்டுபோய் அதற்குக் கீழே வைத்தால் லைன்மேன் என்ன செய்வான்? ஆடிக் காற்றில் கிளை கம்பியில் உரசி ஊரே இருட்டானால் திட்டு அவனுக்குத்தான் விழும்.

கம்பி போகிற பக்கம் மந்தாரை, பவளமல்லி, தங்க அரளி மாதிரி அடக்கமாக வளர்பவை. புங்கன், வேம்பு, மகிழம் எல்லாம் எதிர்ப்பக்கம். தெருவுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்பதைக் கன்று நடும் விழாக்களில் மறந்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பெரிய மரம் இருக்கிறதா? மின்தடை அறிவிப்பு வந்த அன்று காலையிலேயே கம்பத்தடியில் போய் நில்லுங்கள். மோர் கொண்டுபோனால் நல்லது. உச்சியை வெட்டாமல், கம்பியை நோக்கிப் போகும் கிளையை மட்டும் அது பிரியும் இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கிளையின் அடியில் மோதிரம்போல் புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுத்தால்தான் மரம் காயத்தை மூடும். கனமான கிளை என்றால் முதலில் கீழ்ப்பக்கம் பாதி அறுத்துவிட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். அரிவாள் வேண்டாம், ரம்பம்தான். நீங்களே ஏறிவிடாதீர்கள். கம்பிக்குப் பக்கத்தில் பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும்.

மரத்தடி பிரியாணிக் கடைக்காரர் கொதிக்கும் வடிகஞ்சியை வேரில் ஊற்றுகிறார். கேட்டால் சண்டைக்கு வருகிறார்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கொசப்பேட்டை*

சண்டைக்கு வருவார் ஐயா, கடை திறந்திருக்கும் நேரத்தில் நாலு பேர் முன்னால் கேட்டால் நானும் வருவேன். கடை எடுத்துவைக்கிற நேரத்தில் தனியாகப் போய்ப் பேசுங்கள். வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது அவர் கடைக்கு ஆள் வருவதே அந்த நிழலுக்காகத்தான். இது அவருக்குத் தெரியாமல் இல்லை. கஞ்சியை ஊற்ற வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் ஒரு கடைக்கு மூடிபோட்ட பழைய டிரம் வாங்கிக் கொடுத்தோம். ஆறிய கஞ்சியை மாட்டுக்காரர் எடுத்துப்போகிறார். அடுப்பை அடிமரத்திலிருந்து தள்ளி வைக்க மட்டும் கொஞ்சம் நாள் பிடித்தது. எங்கள் அனுபவத்தில் டீக்கடை, இட்லிக்கடைக்காரர்களைவிட நல்ல காவல் கிடையாது. விடிவதற்கு முன்பிருந்து ராத்திரிவரை அங்கேயே இருக்கிறார்கள்.

டியூஷன் விளம்பரப் பலகைகளை ஆணியடித்து மாட்டுகிறார்கள். ஆணியைப் பிடுங்கினால் மரத்துக்குக் கெடுதலா?
*வாசகி, குடியாத்தம்*

புது ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். சுத்தியலின் பின்பக்கக் கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்து நெம்பினால் பட்டை நசுங்காது. பட்டை மூடி விழுங்கிவிட்ட பழைய ஆணியைத் தோண்டாதீர்கள், தோண்டினால்தான் புதுக் காயம் ஆகும். ஆணி எடுத்த காயத்தில் மஞ்சள் பூசுவது நம் திருப்திக்கு. பலகையில் கைப்பேசி எண் இருக்குமே, படம் எடுத்துக்கொண்டு அந்த எண்ணுக்கே பேசுங்கள். பெரும்பாலும் மறுநாளே கழற்றிவிடுவார்கள்.

சாலை அகலப்படுத்த எங்கள் ஊர்ப் புளியமரங்களில் குறி போட்டிருக்கிறார்கள். யாரிடம் போவது?
*விவசாயி, அணைக்கட்டு*

அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு அனுமதி தரவேண்டும். ஆட்சியர்தான் அதற்குத் தலைவர். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒப்புதல் வாங்கியாயிற்றா, எந்தெந்த மரத்துக்கு என்று கேட்டு எழுதுங்கள். நெடுஞ்சாலைப் புளியமரங்களில் எண் எழுதியிருக்கும். அந்த எண், மார்பு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, படம் மூன்றும் மனுவோடு இருக்கட்டும். "மரங்களைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதிய மனுவுக்குப் பொதுவாகத்தான் பதில் வரும். வாலாஜா, ஆற்காடு பக்கத்து வாசகர்கள் பழைய நினைப்பில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து நிற்க வேண்டாம். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு உங்களுக்கு ராணிப்பேட்டை.

எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது. வளைவில் பார்வையை மறைக்கிற மரத்துக்காக நான் வாதாட மாட்டேன்.

வேப்பமரங்கள் எல்லாம் நுனியிலிருந்து கருகிக் காய்கின்றன. வெட்டிவிடலாமா?
*பலர்*

வேண்டாம். இது நுனிக்கருகல் நோய், ஒரு பூஞ்சையின் வேலை. மழை, பனிக் காலத்தில் மரமே எரிந்துபோனதுபோல் தெரியும். பெரும்பாலான பெரிய மரங்கள் பங்குனி வாக்கில் திரும்பத் துளிர்க்கும். அதுவரை கோடரியைத் தூர வையுங்கள்.

இலவசக் கன்று எங்கே கிடைக்கும்?
*பாதிப் பேர்*

வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் தெருவில் கோடைதோறும் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள். பாலாற்றில் மணலைத்தான் பார்க்கிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் விடமாட்டார்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும். ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், நம் பக்கத்து நிலத்தடி நீருக்கு அதில் உப்புதான் மிஞ்சும். வாரம் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு இரண்டு குடம், மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று கோடை இப்படித் தாண்டவேண்டும். ஆளுயரக் கன்றாக வாங்குங்கள், முழங்கால் உயரக் கன்றை வெள்ளாடு ஒரே வாயில் முடித்துவிடும். பையைக் கிழித்ததும் வேர் சுருண்டு சுற்றியிருந்தால் பிரித்துவிட்டு நடுங்கள். இரும்புக் கூண்டு நன்கொடை கொடுப்பவர்கள் பெயர்ப்பலகைக்குக் காட்டும் அக்கறையை, மரம் பருத்ததும் கூண்டைக் கழற்றுவதிலும் காட்டினால் நல்லது. எங்கள் வார்டிலேயே கம்பி இறுக்கி இடுப்பு சிறுத்துப்போன மரங்கள் நிற்கின்றன. கம்பி அறுக்கும் கட்டிங் பிளேயர் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.