பலகையில் என்ன ஆண்டு போடுவது? – கடிதம்

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

எனக்கும் கீழக்கரைதான், துபாயில் வேலை. எங்கள் தெருப் பள்ளிவாசலான சின்னக் கல்பள்ளியை இடித்துவிட்டு, பெரிய குவிமாடமும் இரண்டு மினாராவுமாக அரபு நாட்டுப் பாணியில் கட்டப்போகிறோம். வசூல் நன்றாக நடக்கிறது. வாசலில் ஊர்ப் பெருமையைச் சொல்லும் பலகை வைக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய ஜும்ஆப் பள்ளி 628இல் கட்டியது, இந்தியாவின் முதல் பள்ளி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அறையில் கூட இருக்கும் கேரளத்துக் கொடுங்கல்லூர்க்காரர், 629இல் கட்டிய தங்கள் சேரமான் பள்ளிதான் முதல் என்கிறார். எது சரி?

வாசகர் ஒருவர்

வ அலைக்கும் ஸலாம் தம்பி,

628, 629 இரண்டுமே வழிவழியாகச் சொல்லிவருவது. ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிற சான்று இரண்டுக்கும் இல்லை. 628 என்று சொல்வது பழைய ஜும்ஆப் பள்ளியை. சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஜும்ஆப் பள்ளி வேறு; அதன் கல்கட்டடம் 17ஆம் நூற்றாண்டு, இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தது. கட்டியவர் என்று நாம் சொல்லும் சீதக்காதி பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். பலகைக்கு இது போதும்.

‘கல்பள்ளியை இடித்துவிட்டு’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். எப்படி மனசு வந்தது?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லைப் பார்த்தேன். எட்டுப்பட்டைத் தூணின் பாதி. பட்டை முடிந்து சதுரம் தொடங்கும் இடத்தில் ஒரு பூ, அதன் மேல் சோப்பு நுரை. எங்கள் தெருப் பள்ளியின் தூண் அது. அதையும் இப்படித்தான் ‘பெரிதாக’க் கட்டினார்கள். சின்ன வயதில் மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்கு அப்பா கூட்டிப் போவார். அவர் ஓதி முடிக்கும்வரை அந்தத் தூணில் முதுகைச் சாய்த்திருப்பேன். பகலெல்லாம் வெயில் கொளுத்திய நாளிலும் கல் ஜில்லென்று இருக்கும். கையைப் பின்னால் விட்டு இதழ்களை எண்ணுவேன். எட்டு. கொல்லையில் குனிந்து தடவிப் பார்த்தேன். ஐந்துதான் மிச்சம்.

கோயில் மண்டபத் தூணில் அந்தச் சதுரத்தில்தான் சிற்பி சாமி உருவத்தைச் செதுக்குவான். அதே சதுரம், அதே பட்டை, மேலே உத்தரத்தைத் தாங்கும் அதே போதிகை, அதிலிருந்து தொங்கும் அதே மொட்டு. பள்ளிக்கு வந்தபோது உருவத்தை மட்டும் விட்டுவிட்டு, அங்கே ஒரு பூவையோ கொடியையோ வைத்தான். உருவம் கூடாது என்கிற மார்க்கமும் தவறவில்லை, அவன் கையும் மாறவில்லை. காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளிலும் இந்த வேலைப்பாட்டைப் பார்க்கலாம். இப்படி ஒரு பள்ளி அரபு நாட்டில் கிடைக்குமா, சொல்.

நம் கடல் வணிகர்களான மரைக்காயர்கள் அரபு நாட்டையும் குவிமாடத்தையும் அறியாதவர்களா? கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்கள், முத்தும் சங்கும் விற்றவர்கள். அவர்கள் ஊருக்கு வந்து, இந்த மண்ணின் கல்தச்சனைத்தான் கூப்பிட்டார்கள். மேலே தட்டையான கற்பாளங்களைப் பரப்பிக் கூரை போட்டார்கள். அதைவிடவா உன் காங்கிரீட் குவிமாடம் பெருமை? தொழ இடம் போதவில்லை என்றால் பக்கத்தில் நீட்டிக் கட்டுங்கள். யார் வேண்டாம் என்றது?

கோபமாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. பாலைவன வெயிலில் உழைத்த காசை ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கிற பிள்ளை நீ. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். வசூல் செய்கிறவர்களிடம் இன்றைக்கே பேசு. அப்புறம், அந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை கல்தூண்? உன் கடிதத்தில் அது இல்லை. ஊரில் யாரையாவது எண்ணச் சொல்லி எனக்கு எழுது.