கூண்டு ஏறுவது முதல் கிணறு தெளிவது வரை: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

நாகை துறைமுகத்தில் 8-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், "பத்து ஏறட்டும், பார்த்துக்கலாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா?
(நாகூர்)

சரியில்லை. 8, 9, 10 மூன்றுமே மிகப் பெரிய அபாயத்துக்கான கூண்டுகள்தாம். எட்டைவிடப் பத்தில் காற்று அதிகம் என்று கணக்குப் போடக் கூடாது. புயல் துறைமுகத்தை எந்தப் பக்கமாக விட்டுப் போகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 8 என்றால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம், 9 என்றால் வலப்பக்கம், 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நம் கரைக்கு வரும் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். அதன் வலப்பக்கம் என்பது வடபுறம். அந்தப் பக்கத்தில்தான் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். அதனால் கடலோரக் குப்பத்துக்கு ஒன்பதும் பத்தும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

எப்படியும் கூண்டு கப்பல்காரருக்கான மொழி. வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியது, 48 மணி நேரம் முன்னால் வரும் முதல் எச்சரிக்கையையும் 24 மணி நேரம் முன்னால் வரும் அடுத்த எச்சரிக்கையையும். ஏணி போட்டுச் செய்யும் வேலை எல்லாம் முதல் எச்சரிக்கையோடு முடிந்துவிட வேண்டும். இரண்டாவது வந்தபின் கூரை ஏறாதீர்கள். கூரை வீட்டுக்காரர்கள் புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கிளம்பும் நேரம் அது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

புயலுக்கு நடுவில் காற்றே இல்லாமல் போகுமாமே, அப்போது மாட்டை அவிழ்த்துவிடலாமா? ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் மேல் மணல் மூட்டை அடுக்கினால் தாங்குமா?
(வேதாரண்யம் வட்டம்)

புயலின் கண் நேராக உங்கள் ஊரின் மேல் வந்தால் காற்று அப்படியே நின்றுவிடும். சில நிமிடமோ, ஒரு மணி நேரமோ, புயலுக்குப் புயல் மாறும். ஆபத்தே அங்குதான். மேற்கு நோக்கி வரும் புயலில் கண்ணுக்கு முன்னால் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். வடக்குக் காற்றில் வேர் தளர்ந்த தென்னையும், ஆணி இளகிய சீட்டும் இந்த மறுகாற்றில்தான் விழும். ஆகவே அந்த அமைதியில் வெளியே போக வேண்டாம். மாட்டை முந்தின நாள் பகலிலேயே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் மூக்கணாங்கயிறை முளையில் கட்டாமல் விடுங்கள். கட்டுத்தறியில் கட்டிய மாட்டுக்குத் தண்ணீர் ஏறினால் தப்ப வழியில்லை.

மணல் மூட்டை நல்ல யோசனை இல்லை. காற்று கூரையை அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. உறிஞ்சல் அதிகம் இருப்பது இறவாரத்திலும் மூலைகளிலும் முகட்டிலும். மூட்டையைப் பெரும்பாலோர் நடுவில் வைக்கிறார்கள். சீட் உடைந்தால் அதுவே உள்ளே இருப்பவர் தலையில் இறங்கும். கல்லும் டயரும் இதே கதிதான். பணத்தைக் கொக்கி போல்ட்டில் போடுங்கள்: இறவார வரிசையில் ஒரு போல்ட்டும் விடுபடக் கூடாது, துருப்பிடித்ததையும் வாஷர் வெடித்ததையும் மாற்ற வேண்டும். சட்டத்தைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்; போல்ட் பிடித்துச் சட்டம் பிடிக்காமல் கூரை மொத்தமாகக் கிளம்பிப் போன வீடுகள் உண்டு. கீற்றுக் கூரைக்குப் பழைய மீன்வலையை மூடி நாலு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டுவது மலிவு, பலன் அதிகம்.

கஜா புயலுக்குப் பிறகு தெருவில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீட்டு ப்ளக்கிலேயே சொருகி மோட்டார் ஓட்டினோம். லைன்மேன் சத்தம் போட்டார். என்ன தப்பு?
(பேராவூரணி)

அவர் சத்தம் போட்டது தன் உயிருக்காக. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களில் இதுதான் நடந்தது.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்றபடி குறைத்துத் தருகிறது. அதற்கு எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் கொல்லை என்று தெரியாது. உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மெயினைத் தாண்டி வெளியே போனால், அதே பெட்டி அதைத் திருப்பி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். இரண்டு தெரு தள்ளி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைப் பிடிப்பவர் கையில் அது இறங்கும்.

மோட்டார் வயரை நேரே ஜெனரேட்டரில் மட்டும் கொடுங்கள். வீடு முழுக்க வேண்டுமானால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அது ஈபி அல்லது ஜெனரேட்டர், இரண்டில் ஒன்றைத்தான் வீட்டோடு சேர்க்கும். "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்பது போதாது, யாராவது மறந்து போட்டுவிடுவார்கள்.

ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும். அறுந்த கம்பி வயல் தண்ணீரில் கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர் போடுவது?
(கொள்ளிடக்கரை, மயிலாடுதுறை மாவட்டம்)

முதலில் இறைத்துக் காலி செய்யும் அவசரம் வேண்டாம். சுற்று மண் ஊறிக் கிடக்கும்போது உறைகிணற்றை வற்ற அடித்தால், வெளி அழுத்தத்தில் உறை உள்ளே சாயும். வயலில் தண்ணீர் வடியும் வரை பொறுங்கள்.

கணக்கு எளிது. கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும், கடைசியில் 22-ஆலும் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். ஆறடி விட்டம், பத்தடித் தண்ணீர் என்றால் 6 × 6 × 10 × 22, ஏறக்குறைய 8,000 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் என்பது வழக்கமான அளவு. வெள்ளம் புகுந்த கலங்கலுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள், 8,000 லிட்டருக்கு 40 கிராம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

அப்படியே கொட்டவும் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் வாடை லேசாக வர வேண்டும். வரவில்லையா, பவுடர் பழசு. கட்டி கட்டியாக, நெடியில்லாமல் இருந்தால் அது வீரியம் போன பொடி.

குடிக்கிற தண்ணீரை அதற்குப் பிறகும் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயலில் அடித்த மருந்து வாடை வந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, உப்புக்கும் அப்படியே. லாரித் தண்ணீர்தான்.

வெள்ளத்தோடு பாம்பும் வீட்டுக்குள் வருகிறது. கடித்தால் கட்டுப் போடலாமா?
(கோட்டூர்)

போடாதீர்கள். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் போகும். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கியபின் கழற்ற முடியாது. கடித்த கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

கட்டுவிரியனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி பாயில் படுத்தவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, விழுங்க முடியாமை, இமை தானாகச் சொருகுதல் என்று தெரியும். வாயுப் பிடிப்பு என்று கஷாயம் கொடுத்து நேரத்தைக் கடத்துவது இங்கேதான் நடக்கிறது. தண்ணீர் நிற்கும் நாட்களில் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொள்ளுங்கள்.

குறுவை வைக்கோல் போர், யாரும் நெருப்பு வைக்காமலே எரிந்துபோனது. செய்வினை என்கிறார்கள்.
(மன்னார்குடி)

செய்வினை இல்லை, ஈரம். குறுவை அறுப்பு மழையோடு வரும். மெஷின் அறுத்துப்போட்ட வைக்கோலை அரைகுறையாகக் காயவைத்துப் போர் போட்டால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளம்பும். வைக்கோல் நல்ல போர்வை. அந்தச் சூடு வெளியே போகாது. நாளாக ஆகச் சூடு ஏறி, காற்றுப் பட்ட இடத்தில் தீயாகும். முதல் ஆறு வாரம்தான் கண்டம்.

காய்ந்ததா என்று பார்க்கத் தராசு வேண்டாம். ஒரு பிடியை எடுத்து முறுக்குங்கள். சடசடவென்று ஒடிந்தால் போர் போடலாம். கயிறாகத் திரிந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். அடியில் பழைய தென்னந்துண்டுகளை அடுக்கி அதன்மேல் போடுங்கள்.

போட்ட பிறகு வாரத்துக்கு இரண்டு முறை கடப்பாரையை நடுப்போருக்குள் செருகி அரை மணி கழித்து உருவுங்கள். கையில் பிடிக்கலாம் என்றால் சரி. பிடிக்க முடியாமல் சுட்டாலோ, வெல்லம் கருகிய வாடை வந்தாலோ, விடியலில் போரின் உச்சியில் ஆவி தெரிந்தாலோ, உடனே 101 அல்லது 112. தீயணைப்பு வண்டி வருமுன் போரைப் பிரிக்காதீர்கள். பிரித்ததும் காற்று புகுந்து குப்பென்று பற்றும். மேலே ஏறவும் கூடாது, உள்ளே எரிந்து பொந்தாகியிருந்தால் ஆள் உள்ளே போய்விடுவார்.

போருக்கும் வீட்டுக்கும் 50 அடி. தீனி எடுக்க வசதி என்று கொட்டகையை ஒட்டிப் போடுவதை எத்தனை சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுக் கல்யாணம். என்ன கவனம் வேண்டும்?
(கும்பகோணம்)

உங்கள் ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-இல் பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகளைக் கொடுத்த ஊர். அதே வருடம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத் தீ.

கோட்டை அடுப்பைக் கீற்றுக்கு அடியில் மூட்டவே கூடாது. தனியாகத் தகரக் கொட்டகை போடுங்கள். ஃபோகஸ் லைட் கீற்றைத் தொடக் கூடாது. வழி இரண்டு பக்கமும் இருக்கட்டும், வாழைமரமும் நாற்காலியும் வைத்து ஒன்றை அடைக்காதீர்கள். ஓரத்தில் இரண்டு 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர், வாளி, நீளத் துறட்டி. பற்றிய கீற்றை இழுத்துக் கீழே போட அந்தத் துறட்டிதான் உதவும். வடைச்சட்டி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கடியில் போய், ஒரு நொடியில் ஆவியாகப் பல நூறு மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரைக்கு வீசும். கேஸை மூடி, பெரிய தாம்பாளத்தால் சட்டியை மூடி, ஆறும் வரை திறக்காதீர்கள்.

தீக்காயத்துக்கு இங்க், பேஸ்ட், இட்லி மாவு, எது நல்லது?
(திருவையாறு)

எதுவுமில்லை. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியை மேலே போர்த்தி மருத்துவமனைக்குப் போங்கள்.