மைத்ரியில் வானிலை நோக்கர் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி வானிலை நோக்கராக வேலை பார்த்தேன் என்று சொன்னதும் ஏகப்பட்ட கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: சார், தினமும் அங்கே என்னதான் செய்வீர்கள்?

உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கணக்கெடுக்கும். யுடிசி என்கிற உலகப் பொது நேரப்படி 00, 03, 06 என்று மூன்று மணிக்கு ஒரு முறை. காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகமும் திசையும், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எந்த வகை, வானத்தை எட்டாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அப்புறம் அதை ஐந்தைந்து இலக்கக் குறியீடாக மாற்றி செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிடுவோம். அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடல் பகுதியில் நிலையங்கள் மிகவும் குறைவு. அதனால் ஒரு நிலையத்தின் கணக்கு வராவிட்டால்கூட முன்கணிப்புக்கு இழப்புதான்.

கே: தானியங்கிக் கருவி இருக்கும்போது ஆள் எதற்கு அண்ணா?

கருவி அங்கேயும் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியில் உறைபனி படிந்து அது சுற்றாமல் நின்றுவிட்டால், வெளியே புயல் அடிக்கும்போதும் அது பூஜ்யம் என்றுதான் சொல்லும். அது தவறு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று, பனி. வானத்திலிருந்து விழுகிறதா, தரையில் கிடந்ததைக் காற்று கிளப்புகிறதா என்று பிரித்துச் சொல்வது பெரிய வேலை. தரையோடு தவழ்ந்து கண் மட்டத்துக்குக் கீழேயே ஓடினால் ஒரு குறியீடு, கண் மட்டத்துக்கு மேலே எழும்பி எதிரே இருப்பதை மறைத்தால் வேறொரு குறியீடு. முழங்கால் வரை வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும், தலைக்கு மேலே பார்த்தால் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அப்படியென்றால் பனி பெய்யவில்லை, காற்று வாரிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இந்தத் தீர்ப்பை நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கே: எவ்வளவு குளிரும்?

கோடையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். குளிர்காலத்தில் மைனஸ் 30க்குக் கீழேயும் போகும். ஆனால் ஆளை வாட்டுவது காற்றுதான். மைனஸ் 20இல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 36 மாதிரி. மைத்ரிக்குத் தெற்கே உயரமான பனிப் பீடபூமி. அங்கே குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி வந்துகொண்டே இருக்கும், பூமி சுழல்வதால் இடப்பக்கம் திரும்பி எங்களுக்குத் தென்கிழக்கிலிருந்து வரும்.

பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான். பாதரசம் மைனஸ் 38.8இல் உறையும் என்பதால் அதற்குக் கீழே போகக்கூடிய இடங்களில் ஆல்கஹால் வெப்பமானி. வெப்பமானிகளை வைத்திருக்கும் ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து படிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலில் தசம இலக்கத்தைப் படிப்போம், முழு எண் பிறகு. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே அளவு ஏறிவிடும்.

கே: பனிப்புயலிலும் வெளியே போகணுமா? பயமாக இருக்காதா?

பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். நீட்டிய கை தெரியாத நேரம் உண்டு. கட்டடங்களுக்கு நடுவே கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்துத்தான் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, வாக்கிடாக்கியில் சொல்லாமலும் போகக் கூடாது. நிலையத் தலைவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உள்ளிருந்து எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்து, மற்றவற்றை விடுபட்டது என்றே குறிக்க வேண்டும். ஊகித்து நிரப்புவதைவிட காலியாக விடுவது ஆயிரம் மடங்கு மேல்.

கே: சூரியனே வராத மாதங்களில் மேகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

மைத்ரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாது. முழு இருட்டு என்று நினைக்காதீர்கள், ஜூனில்கூட நண்பகலில் வடக்கே சிவந்த வெளிச்சம் வந்து போகும். மற்ற நேரத்தில் விளக்கை விட்டுத் தள்ளிப் போய்ச் சில நிமிடம் சும்மா நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் எங்கே காணவில்லையோ அங்கே மேகம். துருவப் பகுதி இரவு வானில் தோன்றும் துருவ ஒளி (அரோரா) மங்கலாக இருந்தால் மெல்லிய கீற்று மேகம் மாதிரியே தெரியும், பொறுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

கே: இந்தக் கணக்கையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? உண்மையிலேயே பயன் உண்டா?

இந்தக் கேள்விக்குத்தான் மனசார பதில் சொல்ல ஆசை. அண்டார்டிகாவில் பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் 1950களின் கடைசியிலிருந்து ஓசோனை அளந்துகொண்டே வந்தார்கள். வருடக்கணக்கில் எந்தப் பரபரப்பும் இல்லாத வேலை. வசந்த காலத்தில் ஓசோன் சரிகிறது என்பதை அந்தக் கணக்குகளை வைத்துத்தான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1985இல் வெளியிட்டார்கள். 1987இல், ஓசோனை அழிக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துவிட்டது. பழைய அளவு இல்லாமல் இருந்திருந்தால் எதோடு ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று சொல்லியிருப்பார்கள்? இன்று விடுபட்ட கணக்கை நாளைக்குப் போய் எடுக்க முடியாது. மைத்ரியிலும் ஓசோன் கருவியைப் பலூனில் கட்டி விடுவோம். அது மேலே போகப் போக அளவுகளை அனுப்பும், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடித்துவிடும்.

கே: பென்குயின்?

மைத்ரி கடலிலிருந்து 100 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே, ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில் இருக்கிறது. எங்களைத் தேடி வந்தது ஸ்கூவா பறவைதான், அதுவும் கோடையில் மட்டும்.

கே: என் மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். பெண்கள் போக முடியுமா? வழி என்ன?

தாராளமாகப் போகலாம் அம்மா. இஸ்ரோவின் மங்கள மணி 56 வயதில், அண்டார்டிகாவில் இந்தியாவின் இன்னொரு நிலையமான பாரதியில் 403 நாள் இருந்துவிட்டு வந்தார். மகள் முதலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேரட்டும், எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் தேர்வு ஒரு வழி. உள்ளே போன பிறகு அண்டார்டிகா குழுவுக்குப் பெயர் கொடுக்கலாம். உடல், மனப் பரிசோதனைகள் உண்டு, உத்தராகண்டில் ஆலியில் பனிப் பயிற்சியும் உண்டு. இப்போதைக்கு வீட்டு மாடியில் நின்று தினமும் ஒரே நேரத்தில் மேகத்தைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதினால் இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.