பார்வை நன்றாக இருப்பவருக்கு ஆபீஸ் தரும் கண் பராமரிப்புத் திட்டம் தேவையா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் இந்த வருடம் கண் பராமரிப்புத் திட்டம் ஒன்று கொண்டு வந்திருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் சேரலாம், மாதாமாதம் சம்பளத்தில் சிறு தொகை பிடிப்பார்கள். எனக்கு 41 வயது, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி இல்லை. நாள் முழுக்கக் கணினி வேலை. மனைவி கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறார், பையனுக்கு 9 வயது. மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. இதில் சேரலாமா, இல்லை வீண் செலவா?

பதில்: சேருங்கள். மனைவியையும் பையனையும் சேர்க்க வழியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் எதற்காகச் சேர்கிறோம் என்று தெரிந்து சேருங்கள். இந்தத் திட்டங்களில் இருக்கும் பலர் தள்ளுபடியில் ஒரு புது ஃபிரேம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதில் உண்மையிலேயே மதிப்புள்ள முழுக் கண் பரிசோதனையைத் தொடாமலே வருடம் போய்விடுகிறது.

"பார்வை நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறீர்கள். சரி, இன்று இரவு கொஞ்சம் மங்கலான வெளிச்சத்தில் மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கை தானாகவே அட்டையைத் தள்ளிப் பிடித்தால் வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 40-ஐ ஒட்டி இது எல்லோருக்கும் வருவதுதான், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு இறுகிப்போய் கிட்டத்தில் குவிய முடியாமல் போகிறது. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு கண்ணாடியில் சரியாகிவிடும்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. கண் அழுத்த நோய், அதாவது க்ளாக்கோமா, பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது, ஆரம்பத்தில் பார்வை மங்கவும் மங்காது. ஓரப் பார்வைதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஒரு கண்ணில் விடுபடுவதை மற்ற கண் ஈடுகட்டிவிடுவதால் அவருக்கே அது தெரியாது. கண் பரிசோதனை அட்டையில் இருக்கும் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடும் ஒருவருக்குப் பார்வை நரம்பு பாதி சேதமாகியிருக்கலாம். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர இன்றுவரை வழியில்லை, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம். உங்கள் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இது இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல், அதைப் பரிசோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பும் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். உடம்பை வெட்டாமல் இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரைதான், அதனால் இரத்த அழுத்தம் செய்த சேதம்கூட அங்கே தெரிய வரும்.

இங்கே பலர் ஏமாந்து போகும் ஒரு இடம் உண்டு. மெஷினில் முகவாயை வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று லென்ஸ் மாற்றிக் கேட்பது பவர் செக் மட்டுமே. முழுப் பரிசோதனை என்றால் கண் அழுத்தம் பார்க்க வேண்டும், சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிய வைத்து விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும். அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு "நார்மல்" என்று அனுப்பினால் போதாது, அழுத்தம் சாதாரணமாக இருந்தும் க்ளாக்கோமா வருபவர்கள் இருக்கிறார்கள். மருந்து விட்டபின் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். அதனால் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, வண்டி ஓட்ட வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். சேர்வதற்கு முன் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனை திட்டத்துக்குள் வருகிறதா, வெறும் பவர் செக் மட்டும்தானா?

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்கிறீர்கள். அது பொதுவாகக் கண்புரை அறுவை சிகிச்சை, விழித்திரை லேசர், அடிபட்ட காயம் போன்றவற்றுக்குத்தான் பணம் தரும். நோயில்லாதவர் போய்ச் செய்துகொள்ளும் வழக்கமான பரிசோதனை, கண்ணாடி, லென்ஸ் இவையெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் வராது, கண் பராமரிப்புத் திட்டம் அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது. பரிசோதனையில் ஏதாவது கண்டுபிடித்து அறுவை சிகிச்சையோ லேசரோ தேவைப்பட்டால் அந்தச் செலவு பொதுவாக மருத்துவக் காப்பீட்டுப் பக்கம் போய்விடும், அதற்கு முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம் கணக்கு. மாதப் பிடித்தத்தை 12-ஆல் பெருக்குங்கள், ஒவ்வொரு முறையும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு இருந்தால் அதையும் கூட்டுங்கள். இன்னொரு பக்கம், திட்டமே இல்லாமல் மூன்று பேருக்கும் முழுப் பரிசோதனை, மனைவிக்கு ஒரு கண்ணாடி, உங்களுக்கு ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி என்று எழுதிப் பாருங்கள். குடும்பமாகப் பார்த்தால் பெரும்பாலும் திட்டம்தான் லாபம். நீங்கள் தனி ஆளாக இருந்து, வருடப் பிடித்தம் ஒரு பரிசோதனைக் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால், சேர வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் கைக்காசைப் போட்டாவது பரிசோதனையைச் செய்துவிடுங்கள் என்றும் சேர்த்தே சொல்லியிருப்பேன். நிறுவனமே முழுத் தொகையும் கட்டுகிறதென்றால் கேள்வியே இல்லை.

நிபந்தனைகளில் முக்கியமானது கால இடைவெளி. பல திட்டங்களில் பரிசோதனை 12 மாதத்துக்கு ஒரு முறை, ஃபிரேம் 24 மாதத்துக்கு ஒரு முறை என்று இருக்கும். பயன்படுத்தாத தொகை பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குப் போகாது. ஃபிரேமுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு சொல்லிவிட்டு, ப்ரோக்ரெசிவ் லென்ஸுக்கும் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பார்க்க உதவுவது) லென்ஸ் மேல் போடும் பூச்சுகளுக்கும் தனியாக வாங்குவார்கள், அதனால் பில் போடுவதற்கு முன்பே எது உள்ளே எது வெளியே என்று கேட்டுவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் எடுத்தால் அந்த வருடம் கண்ணாடி கிடையாது என்ற விதியும் பரவலாக உண்டு. பட்டியலில் இல்லாத மருத்துவரிடம் போனால் க்ளெய்ம் குறையும் அல்லது கிடைக்கவே கிடைக்காது.

பூச்சுகளில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காசு கொடுக்கலாம், இரவில் வண்டி ஓட்டுபவருக்கு நன்றாகவே வித்தியாசம் தெரியும். நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கணினி வேலையால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்துபோகிறது, சோர்வுக்கு அது ஒரு பெரிய காரணம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள், வேண்டுமென்றே சிமிட்டுங்கள். பரிசோதனைக்குப் போகும் முன் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். புத்தகத்தைவிடத் திரை தள்ளி இருக்கும், புத்தகத்துக்கென்று கொடுத்த பவர் திரைக்குச் சரிவராமல் கழுத்தைத்தான் வளைக்க வைக்கும். திரை முன் வேலை செய்பவர்களுக்குக் கண் பரிசோதனை பெறும் உரிமையை ஐரோப்பாவில் 1990-இலேயே சட்டமாக்கிவிட்டார்கள், அதனால் ஹெச்.ஆரிடம் இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

நிறுவனத்துக்கும் இதில் லாபம் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தபோது, கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்கள் பறித்த இலையின் அளவு சுமார் 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது. 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு இது.

பையன் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கரும்பலகை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே மங்கலாகப் பார்த்துப் பழகிய குழந்தைக்குத் தெரியாது, அதனால் அவனாக வந்து சொல்லமாட்டான். அம்மாவுக்குக் கிட்டப்பார்வை இருப்பதால் அவனுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல், பவர் வேகமாக ஏறுகிற வயதும் இதுதான். டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறானா, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் விளையாடட்டும், கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட அது உதவும்.

திட்டம் எப்போது அமலுக்கு வரும் என்று பார்த்துவிட்டு, முதல் மாதத்திலேயே மூன்று பேருக்கும் நாள் வாங்கிவிடுங்கள். ஆனால் அதற்குள் யாருக்காவது திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, அது விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது திட்டம், க்ளெய்ம் என்று எதையும் பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.