குறைந்த சம்பளத்தில் வீட்டிலேயே ருசியாக, வயிறாரச் சமைக்க முடியுமா? மாசக் கடைசியில் ரசம் சோறு, ஊறுகாய் தவிர வேறு வழி உண்டா?

முடியும். "ரசம் சோறு, ஊறுகாய் தவிர வேறு வழி உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. புதிதாகத் தனிக்குடித்தனம் வந்திருப்பீர்கள், மாசக் கடைசி இன்னும் பழகவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு சென்னை காசிமேட்டில். வீட்டுக்காரருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் வேலை இருக்காது. அந்த 61 நாளும் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர் சாப்பிட்டாக வேண்டும்.

அதனால் மார்ச் மாசமே ஆரம்பித்துவிடுவேன். விடியற்காலை ஏலம் நமக்குக் கட்டாது. பத்து மணிக்கு மேல் போனால் நெத்திலி, காரப்பொடி என்று சின்ன மீனெல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏற விலை இறங்கும். "யக்கா, ரெண்டு கூறையும் சேர்த்து எடுத்துக்கோ" என்று அவர்களே கூப்பிடுவார்கள். ஒரு கூறு அன்றைய குழம்புக்கு. இன்னொன்றை உப்புப் போட்டு மொட்டை மாடியில் காயவைப்பேன். காக்கா வராமல் மாமியார் குச்சியோடு உட்கார்ந்திருப்பார்.

தடைக்காலத்தில் அந்தக் கருவாடுதான் எங்களுக்கு மீன். சுடுதண்ணீரில் ஊறவைத்து, தலையைக் கிள்ளி, மண் போக மூன்று தடவை அலசுவேன். பூண்டு தட்டிப் போட்டு, வெங்காயம், தக்காளி, கத்திரிக்காய் வதக்கி, மிளகாய்த்தூள் போட்டுப் புளி கரைத்து ஊற்றணும். கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்போதுதான் கருவாடு. உப்பைக் கடைசியில் பாருங்கள், கருவாட்டிலேயே இருக்கும். அது மாங்காய் சீசன் வேறு. ஒரு மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போட்டால் பாதிப் புளி போதும். அந்தக் கொட்டைக்கு என் பெரியவனும் சின்னவளும் அடித்துக்கொள்வார்கள்.

சோறு ரேஷன் அரிசிதான். வாடை வரும் என்பவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்து, நாலு தண்ணீர் கழுவி, குக்கரில் வைக்காமல் வடித்துப் பாருங்கள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு, சுண்டவைத்த அதே குழம்பு. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கருவாடு தின்றால் பிரஷர் வரும், பாமாயில் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். நான் கருவாடு வாரத்துக்கு இரண்டு நாள்தான் செய்கிறேன். மாமியாருக்கு அன்றைக்கு முருங்கைக்கீரையும் பருப்பும் தனியாக உண்டு.

இவ்வளவு இழுத்துப் பிடித்தும் காசு போகிற இடம் கரண்ட் பில். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எங்களுக்கு இல்லை. ஓனர் தனி மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்குகிறார். கேட்டால் காலி பண்ணு என்கிறார். வாடகைக்கு இருப்பவன் வீட்டு விளக்கு மட்டும் வேறு கரண்டிலா எரிகிறது? அதனாலேயே கிரைண்டர் போடுவதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இட்லி குறைந்துபோனது அப்படித்தான்.

சரி, நீங்கள் மீன் சாப்பிடுகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், விலை இறங்கவே இறங்காது. செவ்வாய், வெள்ளியில் வாங்குகிறவர்கள் குறைவு. பத்து மணிக்கு மேல், கையில் ஒரு தூக்கோடு போங்கள்.