கணினி கேள்வி – பதில்: பொடி எழுத்தும் மங்கல் எழுத்தும்

கேள்வி: புதிதாக வாங்கிய லேப்டாப்பின் திரை 14 அங்குலம், 2880 × 1800 பிக்சல். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்ததால் ரெசல்யூஷனை 1920 × 1200 என்று குறைத்தேன். எழுத்து பெரிதாகிவிட்டது, ஆனால் கூர்மை போய்விட்டது. திரையில் கோளாறா?
– ஈரோடு வாசகர்

பதில்: திரையில் கோளாறு இல்லை. முதல் வேலையாக ரெசல்யூஷனைப் பழையபடி 2880 × 1800 ஆக மாற்றுங்கள். 'ரெக்கமண்டட்' என்று பக்கத்தில் போட்டிருப்பது அதுதான்.

பிக்சல்களின் எண்ணிக்கை திரையைச் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. 1920 புள்ளிகளை 2880 புள்ளிகள் மேல் பரப்பினால் ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கு வரும். அரை பிக்சலை மட்டும் எரிய வைக்க முடியாது. அதனால் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து இடைவெளியை நிரப்புகிறார்கள். அதுதான் நீங்கள் பார்க்கும் மங்கல். தமிழ் எழுத்தில் இது இன்னும் உறுத்தும். இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும்.

மாற்ற வேண்டியது ஸ்கேலிங்கைத்தான், அதாவது எழுத்தையும் ஐகானையும் எத்தனை மடங்கு பெரிதாக வரைவது என்ற அளவை. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் 'ஸ்கேல்' என்ற இடம் இருக்கும். அதில் 150 சதவீதம் வையுங்கள். 2880-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1920. ஆகவே எழுத்து, ஐகான் எல்லாம் ரெசல்யூஷனைக் குறைத்தபோது இருந்த அதே அளவில்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் முழுப் பிக்சல் எண்ணிக்கையில் வரைவதால் கூர்மை திரும்பிவிடும். இதே திரையில் 200 சதவீதம் வைத்தால் 1440 × 900 அளவுக்கு இடம் கிடைக்கும். விண்டோஸ் அங்குலத்துக்கு 96 பிக்சலை 100 சதவீதமாக வைத்துக் கணக்கிடுகிறது. உங்கள் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 243 பிக்சல் இருக்கிறது. கணக்குப்படி 250 சதவீதம் வர வேண்டும். ஆனால் மேசை மானிட்டரைவிட லேப்டாப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதால் பலருக்கு 175 அல்லது 200 போதும்.

பட்டன்களின் அளவு சரியாக இருந்து எழுத்து மட்டும் போதவில்லை என்றால் ஸ்கேலைத் தொடாதீர்கள். செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் என்று போனால் எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை கூட்டலாம். வயதானவர்கள் பயன்படுத்தும் கணினிக்கு இதுவே நல்ல வழி.

'கஸ்டம் ஸ்கேலிங்' பெட்டியில் 100 முதல் 500 வரை விருப்பப்பட்ட எண்ணைத் தரலாம்தான். ஆனால் அந்த எண் இணைத்துள்ள எல்லாத் திரைகளுக்கும் பொதுவாகிவிடும், சைன் அவுட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். பட்டியலில் உள்ள அளவுகளே ஒத்துவந்தால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை செய்கிறேன். புது லேப்டாப்பில் பேஜ்மேக்கர் 7 மங்கலாகத் தெரிகிறது. போட்டோஷாப் சிஎஸ்6-இல் டூல் ஐகான்கள் கடுகளவு இருக்கின்றன. மற்ற மென்பொருள்கள் நன்றாகவே உள்ளன. ஒரே கணினியில் எப்படி இரண்டு விதமான தொல்லை?
– சிவகாசி வாசகர்

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். 'எனக்கு ஸ்கேலிங் தெரியும்' என்று மென்பொருள் விண்டோஸிடம் அறிவிக்கும் முறை அதற்குப் பின் வந்த விண்டோஸ் விஸ்டா காலத்தில்தான் வந்தது. அறிவிப்பு இல்லாத மென்பொருளை விண்டோஸ் 100 சதவீதத்தில் வரையவிட்டு, அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் மங்கல். சிஎஸ்6 அதற்கு நேர்மாறு. தெரியும் என்று அறிவித்துவிட்டு ஐகான்களைப் பெரிதாக்காமல் விட்டுவிடுகிறது. விண்டோஸும் தலையிடுவதில்லை, ஐகான் பொடியாகவே நின்றுவிடுகிறது.

இரண்டையும் சரிசெய்யும் இடம் ஒன்றுதான். மென்பொருளை மூடிவிட்டு அதன் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். அங்கே உள்ள இஎக்ஸ்இ கோப்பில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'கம்பாட்டிபிலிட்டி' டேப், 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போங்கள் (டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). கீழே 'ஓவர்ரைடு' என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்தால் மூன்று தேர்வுகள் கிடைக்கும்.

பேஜ்மேக்கருக்கு 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' கொடுத்துப் பாருங்கள். 2017-இல் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் வந்த வசதி இது. ஜிடிஐ என்ற பழைய முறையில் வரையும் எழுத்தையும் கோடுகளையும் பெரிய அளவிலேயே புதிதாக வரையவைக்கும். ஒட்டிய படங்கள் மட்டும் மங்கலாகவே இருக்கும். மெனுவோ உரையாடல் பெட்டியோ கோணல்மாணலாக வந்தால் வெறும் 'சிஸ்டம்' என்பதற்குத் திரும்பிவிடுங்கள். இங்கே 'அப்ளிகேஷன்' என்பதைக் கொடுத்தால் கூர்மை வரும், ஆனால் எல்லாம் பொடியாகிவிடும்.

சிஎஸ்6-க்கு 'சிஸ்டம்'தான். ஐகான்கள் கைக்கு அடங்கும் அளவுக்கு வரும், கொஞ்சம் மங்கலோடு. ஒன்றை மறக்கக் கூடாது: படமும் சேர்ந்தே இழுபடுகிறது. திரை 200 சதவீதத்தில் இருக்கும்போது 100 சதவீத ஜூமில் படத்தின் ஒரு பிக்சல் திரையில் நான்கு பிக்சல்களை அடைத்துக்கொள்ளும். அந்த மங்கலைப் படத்தின் குறையாக நினைத்து ஷார்ப்பனிங் (படத்தின் கூர்மையை ஏற்றும் வசதி) கூட்டினால் அச்சில் ஓரங்கள் கரடுமுரடாக விழும். ஷார்ப்பனிங் அளவை முடிவு செய்யும்போது மட்டுமாவது ஓவர்ரைடை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

ஜாவா 8-இல் ஓடும் மென்பொருள்களிலும் பொடி எழுத்துத் தொல்லை உண்டு. அங்கே ஷார்ட்கட்டில் மாற்றிப் பயனில்லை. பின்னால் ஓடுவது ஜாவா கோப்புறையின் 'பின்' என்ற உள்கோப்புறையில் இருக்கும் ஜாவாடபிள்யூ கோப்பு. அதன் பிராப்பர்ட்டீஸில் 'சிஸ்டம்' கொடுக்க வேண்டும். ஜாவா 9 முதல் ஸ்கேலிங் உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: லேப்டாப் 200 சதவீதம். அலுவலகத்தில் 24 அங்குல 1920 × 1080 மானிட்டரை இணைக்கிறேன். அதில் எல்லாம் பூதாகாரமாக இருக்கிறது. சில விண்டோக்கள் அங்கே போனதும் மங்குகின்றன.
– கோவை வாசகி

பதில்: டிஸ்பிளே பக்கத்தின் மேலே 1, 2 என்று கட்டங்கள் தெரியும். மானிட்டருக்கான கட்டத்தைக் கிளிக் செய்துவிட்டு ஸ்கேலை 100 ஆக்குங்கள். திரைக்குத் திரை தனி ஸ்கேல் விண்டோஸ் 8.1 முதலே உண்டு. மாற்ற முடியவில்லை என்றால் யாரோ கஸ்டம் ஸ்கேலிங் வைத்திருக்கிறார்கள், முதலில் அதை நீக்குங்கள்.

மங்கும் விண்டோக்கள் முதன்மைத் திரையின் அளவை மட்டும் தெரிந்துகொண்டு ஓடுபவை. டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பகுதியின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'டிபிஐ அவேர்னஸ்' பத்தியைச் சேர்த்தால் அவை 'சிஸ்டம்' என்று காட்டும். 'பெர்-மானிட்டர்' என்று இருப்பவை எந்தத் திரையிலும் தெளிவாக இருக்கும். அலுவலகத்தில் பெரும்பாலும் மானிட்டரில்தான் வேலை என்றால் அதையே 'மெயின் டிஸ்பிளே' ஆக்கிவிட்டு, ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். தினமும் சைன் அவுட் செய்ய முடியாது என்றால், முந்தைய பதிலில் சொன்ன ஹை டிபிஐ பெட்டியின் மேல்பாதியில் 'புரோகிராம் டிபிஐ' இருக்கிறது. அதை டிக் செய்து 'ஐ ஓப்பன் திஸ் புரோகிராம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் மென்பொருளை மூடித் திறந்தாலே போதும்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ஸ்கேலை 100 வைத்தால் சிறிது, 200 வைத்தால் பெரிது. நடுவில் வழி உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: செட்டிங்ஸின் டிஸ்பிளேஸ் பக்கத்தில் 'ஃபிராக்‌ஷனல் ஸ்கேலிங்' சுவிட்சைப் போட்டால் 125, 150, 175 வரும். திரையில் வரைய உபுண்டுவில் பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட் என்று இரண்டு முறைகள் உண்டு. 25.10-க்கு முந்தைய பதிப்புகளில் உள்ள எக்ஸ்11 அமர்வில் இது பெரிதாக வரைந்து பிறகு சுருக்குவதால் கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். வேலண்ட் அமர்வில், எக்ஸ்11-க்காக எழுதப்பட்டு எக்ஸ்வேலண்ட் என்ற இணைப்பு வழியாக ஓடும் பழைய மென்பொருள்கள் மங்கலாம். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேலை 100-லேயே விட்டுவிட்டு, 'ட்வீக்ஸ்' செயலியை நிறுவி, ஃபான்ட்ஸ் பகுதியில் ஸ்கேலிங் ஃபாக்டரை 1.5 ஆக்குங்கள். ஐகான்கள் அவ்வளவாக வளராது, எழுத்து கூர்மை கெடாமல் பெரிதாகும்.